ஏழாவது கேள்வி

பிப்ரவரி 9

அண்ணிக்கு ஒருவழியாக இன்று புருவத்தில் மை குத்திவிட்டேன். இரண்டு வருடமாக என் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முடி கொட்டிப்போய், தினமும் பென்சிலால் வரைந்துகொள்வதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வேடிக்கை பார்க்க அம்மாவும் வந்து சுவரோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணி படுத்துவிட்டதால் படிவத்தை நானே சத்தமாக வாசித்தேன். சர்க்கரை? இல்லை. ஒவ்வாமை? இல்லை. ஏழாவது: கர்ப்பமா?

"அதுதான் இல்லையே," என்று அம்மா முந்திக்கொண்டாள். அண்ணியும் இல்லை என்றாள். டிக் அடித்தேன். மரத்துப்போக கிரீம், பிறகு ஊசி, மை. இரண்டு மணி நேரம்.

கண்ணாடியைப் பார்த்து அண்ணி அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 14

பொருக்கு உதிர ஆரம்பித்துவிட்டதாம். பிய்க்காதீங்க என்றேன்.

பிப்ரவரி 27

அண்ணி தனியாகக் கடைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். "எட்டு வாரம் ஆச்சு. அன்னிக்கே தெரியும்."

தெரிஞ்சும் ஏன்டி படுத்தே என்று கத்திவிட்டேன். அண்ணியை 'டி' போட்டது இதுதான் முதல் தடவை.

"அத்தை உக்காந்திருந்தாங்க. எப்படிச் சொல்றது? போன ரெண்டு தடவையும் முதல்லயே சொன்னோம். அப்புறம் எல்லாரும் வந்து துக்கம் விசாரிச்சாங்க. இந்தத் தடவை மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன்."

ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்திருக்கலாமே?

"எழுந்திருந்தா அத்தைக்குப் புரிஞ்சிருக்கும்."

கேட்டது நான். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏலம் போடுகிற மாதிரி. அதற்குப் பெயர் கேள்வியா?

பிப்ரவரி 28

டாக்டரிடம் போனோம். கிரீம், மை டப்பாக்களையும் எடுத்துப் போனேன். "இதனால கெடுதல்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கர்ப்பிணிகளை வச்சு யாரும் சோதிச்சுப் பாக்கறதில்ல. அதனாலதான் வேண்டாங்கறோம்." பெரிய பயம் ஊசி வழியாக வரும் தொற்றுதானாம். இன்று ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று.

"புது ஊசிதானே?" என்றார் டாக்டர். ஆமாம் என்றேன். வாசல் தாண்டியதும் சந்தேகம். உறையைக் கிழித்தேனா? பத்து வருடமாகத் தினமும் கிழிக்கிற கை – அன்றைக்குக் கிழித்தது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்?

மார்ச் 1

படிவத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்கம், புது ஊசி உறையைக் கிழித்ததும் ஒட்டிவைக்கிற ஸ்டிக்கர் இருக்கிறது. கிழித்திருக்கிறேன். போன உயிர் வந்தது. முன்பக்கம் திருப்பினேன். ஏழாவது கேள்விக்கு எதிரே, என் டிக்.

மார்ச் 8

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை. "நாத்தனாரும் அண்ணியும் என்ன ஒரே குசுகுசு?" என்கிறாள் அம்மா. மழுப்பினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இடிக்கிறது. இதுவும் போய்விட்டால் – வேண்டாம், எழுத மாட்டேன்.

மார்ச் 26

ஸ்கேன். துடிப்பு நன்றாக இருக்கிறது. அண்ணி வீட்டில் சொல்லிவிட்டாள். அம்மா அழுதாள், சிரித்தாள், விரல் விட்டு வாரத்தை எண்ணினாள். நடுவில் நிறுத்தி அண்ணியின் புருவத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கு நான் வேற வாயை வச்சேனே," என்றாள்.

மே 30

இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. பிள்ளை உதைக்கிறதாம். "டச்சப்புக்கு எப்ப வரட்டும்?" என்று அண்ணி சீண்டினாள். பால்குடி மறந்தப்புறம் வாங்க என்றேன்.

ஜூன் 6

ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். நாற்காலி இப்போது கதவுக்கு வெளியே. மாமியாரை அதில் உட்காரச் சொன்னதும் முறைத்தார். கதவைச் சாத்தி, படிவத்தையும் பேனாவையும் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு, திரும்பி நின்று கை கழுவினேன். நிதானமாகக் கழுவினேன்.

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, ஏழாவதைத் தவிர. "நாள் தள்ளியிருக்குக்கா. இன்னும் யாருக்கும்..." என்றாள்.

வெளியே வந்தேன். "இவங்க தோலுக்கு இப்ப மை பிடிக்காதும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"எனக்கு அப்பவே தெரியும், தொழில் தெரியாத இடத்துக்கு வந்துட்டோம்னு," என்றார் மாமியார்.

ஆமாம்மா என்றேன்.