சண்டைக்காக நெய்த துணி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செப்டம்பர் 1991

அன்பு மகன் ஞானதுரைக்கு அம்மா தங்கபாய் முத்தங்களோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் மூன்று வேளை சாப்பிட்டு நான்கு வேளை சண்டை போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம். குவைத்தில் நீயும் உன்னோடு வேலை பார்க்கிறவர்களும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும், சண்டையை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த ஊர் பார்த்தது போதும். நீ அனுப்பிய போட்டோ வந்தது. நட்டநடுப் பகலில் எடுத்தது, எண்ணெய்க் கிணறு எரிகிற புகையில் வானம் அப்படி இருட்டிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்பா நம்பவில்லை. புகையென்றால் இவன் பல் மட்டும் எப்படி இம்புட்டு வெள்ளையாக இருக்கு, ராத்திரி ஊர் சுற்றும்போது எடுத்திருக்கிறான் என்கிறார். எனக்குப் புகையைப் பற்றித்தான் கவலை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ரேடியோவில் சேர்ந்துவிட்டார். குவைத்தைக் காப்பாற்ற வந்த படைகளுக்கு அந்த அரசாங்கம் இத்தனை கோடி ஒதுக்கியிருக்கிறது, இடிந்த கட்டடங்களைத் திரும்பக் கட்ட இத்தனை கோடி என்று கேட்டுக்கொண்டு போய் சலூனில் சொல்கிறார். சொல்லும்போது தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒதுக்குகிற மாதிரி ஒரு கையசைப்பு வேறு. நம் அடுப்படி ஓட்டுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள், மழை பெய்தால் குழம்பில் விழுகிறது என்றேன், ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார்.

இந்தக் கோடிக் கணக்குதான் ராஜபாளையத்தில் என் அண்ணனையும் கெடுத்தது. ராஜரத்தினம் மாமா என்றால் உனக்குச் சொல்லவா வேண்டும், காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளை வைத்துக்கொண்டு பாதி டாக்டர் மாதிரி நடப்பாரே, அவர் செய்த காரியத்தைக் கேள். ஜனவரியில் சண்டை தொடங்கியபோது நீ பம்பாயில் இருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. படைக்கு இம்புட்டுப் பணம் கொட்டுதான்னா காயம் எம்புட்டு இருக்கும், காயம் இருந்தா துணி வேணுமா வேண்டாமா என்று கணக்குப் போட்டு, புதிதாகத் தறி வாங்கி, ராவும் பகலும் ஓட்டி, பேலாகப் பேலாகக் கட்டி அடுக்கிவிட்டார். முன்னறைப் பட்டாசல் நிறைந்து, படுக்கிற அறை நிறைந்து, மாமாவும் மைனியும் அடுப்படியில் போய்ப் படுத்தார்கள். சண்டையோ ஒன்றரை மாதத்தில் முடிந்துவிட்டது. சமாதானம் வந்ததற்காக நம் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடி நன்றி சொல்லும்போது மாமா மட்டும் பல் வலிக்காரர் மாதிரி நின்றார். போதகர் ஐயர் அவர் தோளைத் தொட்டு, யாரையும் இழந்தீர்களா என்று துக்கம் விசாரித்தார்.

நீ அங்கே போன பிறகு மாமாவுக்கு மறுபடி உயிர் வந்தது. ஆஸ்பத்திரிகளைத் திரும்பக் கட்டுதாங்க, துரை ஒரு வார்த்தை சொன்னா கப்பல் கப்பலா போகும் என்று என் வாசலில் நின்றார். நீ, நான் சுவரில் வயர் இழுக்கிறவன், துணி வாங்குகிற ஆட்களை எனக்குத் தெரியாது என்று எழுதினாய் அல்லவா, அதைப் படித்துவிட்டு, வயர் இழுக்கவனுக்கு வாய் கெடையாதோ என்று காபி குடிக்காமல் போய்விட்டார்.

அந்த வாரம் பரிபூரணம் வந்தாள். மாமா மகள் நீ போகும்போது பார்த்தது போல இல்லை, நன்றாக விளைந்துவிட்டாள், நான் அறிவைச் சொன்னேன். பஸ்ஸில் ஒரு பேலைத் தள்ளிக்கொண்டு வந்து இறங்கி, அத்தை, நம்ம ஊருல இம்புட்டுப் பால்கோவாக் கடை இருக்கே, பாலை எதுல வடிகட்டுதாவ என்று கேட்டாள். ஆண்டிச்சாமி கடைக்குக் கூட்டிப் போனேன். அவர் துணியைப் பார்த்துவிட்டு, புண்ணுக்குக் கட்டுததை என் பாலுக்குக் கட்டச் சொல்லுதியா, பட்டாளத்துல வேண்டாம்னுட்டானா என்றார். இவள், அண்ணாச்சி, இது நெய்து முடிக்குமுன்ன சண்டையே பயந்து ஓடிப்போச்சு, நல்லா வெந்நியில அலசிட்டு ஊத்திப் பாருங்க என்று தானே சட்டி வாயில் கட்டிப் பிடித்தாள். ஈ கால்கூடச் சட்டிக்குள் இறங்கவில்லை. அவர் வாங்கினார், பக்கத்துக் கடைக்காரர் வாங்கினார், பொறவு கல்யாணச் சமையல்காரர்கள் வந்தார்கள். ராணுவத்துக்கு நெய்ததைப் பால் வடிகட்டவா என்று குதித்த மாமா, இப்போது அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பேல்களில் பாதி இன்னும் மாமா வீட்டில் இருக்கும்போது, சிவகாசியிலிருந்து பேங்க் மாப்பிள்ளை என்று அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, வீடு பூரா பேண்டேஜா இருக்கே, யாருக்கும் சொகமில்லையா என்று என் காதில் கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை, சத்தியமாக உள்ளதைத்தான் சொன்னேன்: சண்டை வரும்னு எங்க அண்ணன் முன்கூட்டியே சேத்து வச்சது, இந்தத் தடவை சீக்கிரம் முடிஞ்சு போச்சு, மிச்சம் கெடக்கு. அந்த அம்மா மாமாவின் மீசையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கேசரியை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை வாயில் இருந்ததை முழுங்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

நடந்தது தெரிந்து மாமா மறுநாளே நம் வீட்டுக்கு வந்து, ஏட்டி தங்கபாய், எம்மக வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியே என்று கத்தினார். விளையாட்டு மிஞ்சிவிட்டதோ, கூடப் பிறந்தவர் இனி இந்த வாசலை மிதிப்பாரோ என்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அப்பா ரேடியோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அப்போது கூடவே வந்திருந்த பரிபூரணம், அத்தையை வையாதிய, அவுக போனதுல எனக்குச் சந்தோசந்தான் என்றாள். ஏன் என்று மாமா கேட்டார். துரை மச்சானைக் கேக்காம என்னை ஏன் வேற எடத்துக்குக் காட்டுதிய என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமா செத்த நேரம் நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு காபி கேட்டார். அவர் காபி கேட்டால் சம்மதம் என்று நாற்பது வருடமாக எனக்குத் தெரியும்.

என்னிடம் அவள் தனியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அந்த நாட்டைக் கட்டி முடிக்க வருசக்கணக்காகும்னு உங்க வீட்டு மாமா ரேடியோவுல கேட்டுச் சொல்லுதாவ, முடியட்டும்னு நான் உக்காந்திருக்க மாட்டேன், மச்சானுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லட்டும், எனக்குத் துணி விக்கிற சோலி இருக்கு என்றாள். இஷ்டமில்லை என்றால் அதை நீயே அவளுக்கு எழுத வேண்டும், நான் சொல்ல மாட்டேன், எனக்கு அவளிடம் பயம். இஷ்டம் என்றால் கிறிஸ்மஸுக்கு லீவு போட்டு வா, ஜனவரியில் முடித்துவிடலாம். நீ வயர் இழுக்காவிட்டால் அந்த ஊரில் ஒரு கட்டடம் ஒரு மாதம் இருட்டில் கிடக்கட்டும்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். மறக்காமல் ஒன்று. மண்ணுக்குள் புதைத்த குண்டுகளை இன்னும் எடுத்து முடிக்கவில்லையாம். யார் கூப்பிட்டாலும் ரோட்டை விட்டு மணலில் இறங்காதே. அவசரமாக ஒன்றுக்கு வந்தாலும் ரோட்டு ஓரத்திலேயே இரு, யார் பார்த்தாலும் பரவாயில்லை, வெட்கத்தை ஊருக்கு வந்து பட்டுக்கொள்ளலாம்.

உன்னை முழுசாகப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா,
தங்கபாய்