கேட்டில் அடிக்கும் போன்

மத்தியானம் கொடியில் காய்ந்த வேட்டியை மடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. நீங்களாக இருந்தால் என்ன சத்தம் என்று கேட்டிருக்கவே மாட்டீர்கள், மேடம். கோயில் வேட்டு மேலே போய் வெடிக்கும். இது தரைக்குள் இறங்குகிற சத்தம். அடுக்களை அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. கையிலிருந்த வேட்டியைக் கீழே வைத்தேன். நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம், மேடம்.

ஆமத்தூரில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஆனைக்குட்டம் பக்கம் புகை தெரிந்தது. பக்கத்து வீட்டு மாரியம்மா போனைக் காதில் வைத்தபடி வந்தார். அவர் மகள் சித்ராவுக்கு அந்தப் பக்கம்தான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை.

"அடிக்குது சார். எடுக்க மாட்டேங்கா."

எப்படி எடுப்பாள்? கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டுப் பையோடு கேட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அது மாரியம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் நம் உளவியல் துறை என்பது நீங்களும் நானும்தான். பாடம் ஒன்றுதான் என்றாலும் இருவரும் நடத்தியது வேறு வேறு. என் வகுப்பில் பாடப்புத்தகத்து நாயும் மணியும் வரும். உங்கள் வகுப்பில் விருதுநகரில் உங்கள் அத்தா வைத்திருந்த மிளகாய் வத்தல் மண்டி வரும். "புதுசா உள்ள வர்றவுக தும்முவாக. மூட்டை தூக்குறவுக தும்ம மாட்டாக. ஏன், காரம் குறைஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். பதில் வரும்வரை சாக்பீஸைத் தொடமாட்டீர்கள்.

ஒருமுறை பின்பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: "காரம் அப்படியேதான் இருக்கு மேடம். எங்கய்யா நாளெல்லாம் பட்டாசு மருந்து கலந்துட்டு வந்து குறட்டை விட்டுத் தூங்குறாரு. எங்கம்மாதான் தூங்க மாட்டேங்கு."

வகுப்பு சிரித்தது. "ஏலே, அப்ப உங்கம்மா இன்னும் தும்முறாக," என்றீர்கள். சிரிப்பு மெல்ல அடங்கியது. பாதிப் பேர் வீட்டிலிருந்து யாராவது பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போகிறவர்கள்தான். பழகிப்போதல் என்ற பாடத்தை அன்று அவர்களே பேசி முடித்தார்கள். பக்கத்து அறையில் நான் என் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே வகுப்பில்தான் முத்துச்செல்வி இருந்தாள். அவள் அம்மாவும் பட்டாசு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் பாடம் நடக்கும்போதே இன்று கேட்டதுபோல் ஒரு சத்தம். என் மாணவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் உங்கள் அறைக்கு வந்தேன். முத்துச்செல்வியைச் சுற்றித் தோழிகள் நின்று, "அழாத புள்ள, ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அதை மட்டும் சொல்லாதீக," என்றீர்கள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்த நேரத்தில் இப்படியா பேசுவது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நீங்கள் குரலை உயர்த்தாமல், "கையில இருக்கிறதைக் கீழ வைங்க. பக்கத்துல உக்காருங்க. அவ போன் போடட்டும்," என்று சொல்லிவிட்டு, நீங்களும் அந்த பெஞ்சில் அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தீர்கள். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கேட்டில்தான் அடிக்கும் என்று தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று பின்னால் கேட்டேன்.

"அவ கையில இப்ப அது ஒண்ணுதான் சார் இருக்கு. அதையும் பிடுங்கவா?"

சாயங்காலம் முத்துச்செல்வியின் அம்மாவே கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார். கை முழுக்க வெள்ளிப் பொடி. "நம்ம கம்பெனி இல்லடி," என்றார். முத்துச்செல்வி அழுகையோடு சிரித்தாள். இப்படிச் சத்தம் கேட்ட நாளில் நம் ஊர்ப்பக்கம் எல்லா வாயிலும் வருகிற வார்த்தைதானே அது.

மறுநாள் அவள் துறைக்கு வந்து கதவருகே நின்றாள். "நம்ம கம்பெனி இல்லன்னதும் சிரிச்சுட்டேன் மேடம். அங்கன யாரோ கருகிக் கிடக்காக. நான் சிரிச்சேன்."

உளவியல் படித்த நாம் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தோம். நான் புத்தக அலமாரியைப் பார்த்தேன். நீங்கள் அவளைப் பார்த்து, "உங்கம்மாவை வாசல்ல பார்த்ததும் நானுந்தான் சிரிச்சேன்," என்றீர்கள். அவள் போன பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "இதுக்குப் புத்தகத்துல பேர் தேடலாம் சார். பேரைச் சொல்லி என்ன செய்ய?"

அதன் பிறகு நானும் என் வகுப்பில் நாயையும் மணியையும் குறைத்துக்கொண்டேன். அதை உங்களிடம் சொன்னதில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்த நாளில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "சார், ஒருதரம் சொல்லுங்களேன்."

எதை என்று நான் கேட்கவில்லை. "ஒண்ணும் ஆகாது மேடம்," என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. உங்களுக்காக உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து நெருக்கிப் போட்டேன். இத்தனை வருஷம் படித்ததும் நடத்திய பாடமும் ஒரு நாற்காலியை நகர்த்தத்தான் உதவின.

இன்றைக்கு மாரியம்மாவும் அதையேதான் கேட்டார். "ஒண்ணும் ஆகாதுல்ல சார்? படிச்சவுக, நீங்க சொல்லுங்க."

சொல்லாதீக என்றதும் நீங்கள், சொல்லுங்களேன் என்றதும் நீங்கள். "தெரியலம்மா. நான் இங்கனதான் இருக்கேன்," என்றேன். அவர் வீட்டு வாசற்படியில் சற்றுத் தள்ளி இடம்விட்டார். உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ்கள் எங்கள் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் நிமிர்ந்து பார்த்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

வெயில் இறங்கிய பிறகுதான் சித்ரா கூப்பிட்டாள். மாரியம்மா கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம கம்பெனி இல்ல சார். பக்கத்துக் கம்பெனியாம்." முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த நொடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானுந்தாம்மா சிரிச்சேன்," என்றேன்.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இவ்வளவுதான் மேடம். கையில் இருப்பதைக் கீழே வைப்பது, பக்கத்தில் உட்காருவது, சிரித்ததை ஒப்புக்கொள்வது. மாரியம்மாவுக்கு இன்றைக்கு அது போதுமாயிருந்தது.

இருட்டிக்கொண்டு வருகிறது. ஆனைக்குட்டம் பக்கம் புகை இன்னும் அடங்கவில்லை. அந்தப் பக்கத்துக் கம்பெனி கேட்டில், யாரோ ஒருத்தியின் சாப்பாட்டுப் பைக்குள் போன் அடித்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவர் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.