கீரை சாப்பிடச் சொன்ன டொக்டர்

2007 மார்ச் 17, சனிக்கிழமை, காலை 9.40. ஜெர்மனி, ஹம் நகரத்தில் எங்கள் வீடு. உன் அலுமாரியில் ஓர்ட்னர் என்கிற தடித்த கோப்புகள் பதினொன்று.

அக்கா! விசா, வாடகை வீடு, அம்மாவின் முதுகுவலி, என் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் உன் கையெழுத்து. இந்த வீட்டுக்கு வந்த ஜெர்மன் கடிதம் எல்லாவற்றையும் பன்னிரண்டு வயதிலிருந்து நீதான் வாசித்தாய். நான் படிக்கவென்று டார்ம்ஸ்டாட் நகரத்துக்குப் போய்விட்டேன். மின்பொறியியல் என்றால் எல்லாரும் மன்னித்துவிடுகிறார்கள்.

பதினோராவதில் உன் பெயர். முதல் தாள் டொக்டரின் கடிதம். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன்.

நீ மொழிபெயர்க்கும் விதம் எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் டீச்சர் ஐந்து நிமிடம் என்னைப் பற்றி முறையிட்டார். கதிரையில் இருக்கிறானில்லை, மற்றவர்களைப் பேச விடுகிறானில்லை. நீ அம்மாவிடம் சொன்னது ஒரே வரி: "கெட்டிக்காரனாம், கொஞ்சம் அவசரமாம்." பஸ்ஸில் என் காதைத் திருகினாய். "டேய், இனி உனக்காகப் பொய் சொல்ல ஏலாது, விளங்கிச்சோ?" அடுத்த வருஷமும் சொன்னாய். அதற்கடுத்த வருஷமும்.

போன ஏப்ரலில் நீ டொக்டரிடம் போனபோது அம்மாவும் கூட வந்தவா. நோயாளி நீ, மொழிபெயர்ப்பாளரும் நீ. "இரும்புச்சத்துக் குறைவாம் அம்மா. கீரை சாப்பிடட்டாம்." எனக்கும் ஃபோனில் அதே கீரைக் கதை. "நீ முதல்ல எக்ஸாமை முடி."

அதே ஏப்ரல் திகதி போட்ட இந்தக் கடிதத்தில் இரும்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரத்தப் புற்றுநோய் என்றுதான் இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் படுத்த பிறகே அது எங்களுக்குத் தெரிந்தது. அப்போதும், "இப்பத்தான் வந்ததாம்" என்றாய்.

நேற்று அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னவா: "டொக்டர் சொன்ன மாதிரி நான் ஒழுங்காக் கீரை சமைச்சுக் குடுத்திருந்தா, பிள்ளைக்கு இப்பிடி முத்தியிராது, தம்பி."

இதைத்தான் நீ யோசிக்கவில்லை. மடைச்சி. பழியை அம்மாவின் தலையில் வைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறாய். ஆனாலும் உன்னோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. ஒரு வீட்டையே உன்னிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினவன் நான்.

இனி வாசித்துச் சொல்வது என் வேலை. உன்னைப் போல இதமாக வராது.

1. இன்று மத்தியானம் அம்மா சாப்பிட்டு முடித்ததும், இந்தக் கடிதத்தை ஒரு சொல் விடாமல் தமிழில் வாசிப்பேன்.

2. "ஏன் எனக்கு மறைச்சவள்?" என்று கேட்டால், "அக்கா உங்கட முகத்தைப் பார்த்திருப்பா, சொல்ல மனம் வந்திராது" என்பேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

3. அம்மா அழுதால் எழும்பிப் போக மாட்டேன்.