அஜுவா அக்கா தந்த துணி

அபிஜான்,
3 ஜூன் 2024

அன்புள்ள றெமி அண்ணைக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இந்த ஆபிரிக்க வெயிலைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

நமது கம்பெனிச் சவர்க்காரத்தை இந்த நகரத்துச் சந்தைகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும் அஜுவா அக்காவின் தாயார் இறந்துவிட்டார். 22ஆம் திகதி சனிக்கிழமை அடக்கம். இங்கே செத்தவீட்டுக்கு வேண்டியவர்கள் எல்லாரும் ஒரே துணியில் தைத்து உடுத்துவார்கள். எனக்கும் அதில் ஒரு துண்டு தந்திருக்கிறார். நீங்கள் அன்றைக்கு வைத்திருக்கும் புதிய சவர்க்கார அறிமுக விழாவை ஒரு கிழமை தள்ளிவையுங்கள். அவரிடம் வாங்கி விற்கும் சந்தைப் பெண்கள் எல்லாரும் செத்தவீட்டில்தான் நிற்பார்கள்.

அன்புத் தம்பி,
டெனிஸ்டன்

லா ஷப்பல், பாரிஸ்,
10 ஜூன் 2024

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

நான் அமர்த்திய ஆலோசகர் ஆறு மாதம் இருந்து வகுத்த திட்டம் இது. இனி இடையில் ஒருவரும் வேண்டாம், கடைகளுக்கு நேரே கொடுப்போம் என்கிறார். ஒரு செத்தவீட்டுக்காகத் தள்ளிவைத்தால் பங்குதாரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நிர்வாகம் என்றால் கொஞ்சம் கல்நெஞ்சும் வேண்டும். நீ விழாவில்தான் நிற்க வேண்டும். அந்த மனுசிக்கு ஒரு மலர்வளையம் அனுப்பிவிடு.

அண்ணன்,
றெமிஜியஸ்

அபிஜான்,
2 செப்டம்பர் 2024

அண்ணைக்கு,

சொன்னபடி விழாவில் நின்றேன். முந்நூறு கதிரை போட்டோம், ஒன்பது பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சந்தையிலும் நமது பெட்டியை இறக்கவில்லை. சண்டைக்கும் வருகிறார்களில்லை, "பிறகு பார்ப்போம்" என்கிறார்கள்.

அன்று விழா வைத்தது டெனிஸ்டனின் முடிவு என்று பங்குதாரர் கூட்டத்தில் சொன்னீர்களாம். பாரிஸ் கந்தோரில் வேலை செய்யும் யசோதா போனில் சொல்லி அழுதாள். நான் மறுக்கப்போவதில்லை. விலகல் கடிதம் இத்துடன் இருக்கிறது. லியோனில் ஒரு வேலை பார்த்திருக்கிறேன். கோபமில்லை அண்ணை, வெட்கமாக இருக்கிறது. செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டது நான்தானே.

டெனிஸ்டன்

லா ஷப்பல்,
20 ஜனவரி 2025

என் தம்பிக்கு,

மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. இது நாலாவது.

போன கிழமை அபிஜான் போனேன். கம்பெனி தொடங்கி ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அஜுவா அம்மா கதிரை போட்டு, குடிக்கத் தண்ணீர் தந்த பிறகுதான் பேசினார். ஊரை விட்டு வெளிக்கிடும் முன் நீ அந்தத் துணியைத் தைத்து உடுத்திக்கொண்டு அவருடைய தாயின் கல்லறைக்குப் போனாயாம். "முடிவு என்னுடையது, அண்ணைக்கு ஒன்றும் தெரியாது" என்றாயாம்.

"தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் விழாவைத் தள்ளிவைத்திருப்பீர்கள், இல்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டினேன். ஐம்பத்தாறு வயதில், அவருடைய தண்ணீரையும் குடித்துவிட்டுத் தலையாட்டினேன், டெனிஸ்டன்.

அப்பா செத்த அன்று இந்தத் தெருவில் கடைகடையாக ஏறி, "அண்ணை, எங்கடை அப்பா போயிட்டார், ஷட்டரை ஒருக்கால் இறக்குங்கோ" என்று கேட்டது நீ. எங்களோடு போட்டிக்குக் கடை வைத்திருந்த அருட்பிரகாசமும் இறக்கினார். அதற்காகவே இன்றைக்கும் அவருடைய வாடிக்கையாளர் ஒருவரையும் நான் இழுப்பதில்லை. இவ்வளவும் தெரிந்த எனக்குத்தான் ஆலோசகர் தேவைப்பட்டார்.

நேற்றுக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். தலைமையை விட்டு இறங்கச் சொன்னார்கள், இறங்கிவிட்டேன். அஜுவா அம்மாவுக்கும் வாட்ஸப்பில் எழுதினேன். இன்று காலை பதில் வந்தது.

"எனக்கு முன்பே தெரியும். உங்கள் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. நீங்கள் தலையாட்டுவீர்களா என்று பார்க்கத்தான் கேட்டேன்."

உன்னிடம் பதில் கேட்க எனக்கு முகமில்லை. வேளைக்குச் சாப்பிடு.

றெமி