படப் பட்டியலிலிருந்து என் கையெழுத்தை நீக்கக் கோரி

அனுப்புநர்:
பா. மாரிசெல்வி,
க/பெ. பாண்டிராஜ் (மறைவு),
பெத்தணன்பட்டி, ஏழாயிரம்பண்ணை வழி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம்,
சூலக்கரை, விருதுநகர்.

பொருள்: பள்ளியில் திரையிடப் பரிந்துரைத்த படங்களின் பட்டியலிலிருந்து என் கையெழுத்தை நீக்கவும், ஓவிய ஆசிரியர் நியமிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்பு படித்தவள் என்பதால் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். என் மகள் ரோஜா அங்கே ஒன்பதாம் வகுப்பு. என் கணவர் சென்ற ஆண்டு மே மாதம், பட்டாசு மருந்து கலக்கும் அறை வெடித்ததில் மற்ற மூவரோடு இறந்துபோனார்.

2. ஜூன் மாதக் கூட்டத்தில், மாணவர்களுக்குக் காட்ட நல்ல படங்களைப் பெற்றோரே பரிந்துரைக்கலாம் என்றார் தலைமை ஆசிரியர். தயாராக இருந்த ஒரு பட்டியலை என்னையே வாசிக்கச் சொன்னார். ஆசிரியர், மாணவர், கலை பற்றிய ஆறு படங்கள், கதைச் சுருக்கத்தோடு. ஒன்றில், கடற்கரை ஊர் ஓவிய ஆசிரியை ஒருவர், பேசவே பயந்த பிள்ளைகளைப் படகுகளின் மேல் வரைய வைக்கிறார். அதை முதலில் போடுங்கள் என்று சொன்னவள் நான்தான். கீழே கையெழுத்தும் இட்டேன்.

3. ஆகஸ்டில் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். சாயங்காலம் ரோஜா கேட்டாள்: "எம்மா, நமக்கு மட்டும் ஏம்மா டிராயிங் டீச்சர் இல்ல?" பகுதிநேர ஓவிய ஆசிரியர் கருப்பணன் மாறுதலாகிப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கால அட்டவணையில் வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை இன்றும் ஓவியம்தான். நடப்பது கணக்கு.

4. அடுத்த வாரம் 'என் ஊர்' என்ற தலைப்பில் ஓவியப் போட்டி. மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. ரோஜா, கூரை போன ஓர் அறையையும் அதன் வாசலில் நான்கு ஜோடிச் செருப்புகளையும் வரைந்தாள். ஒன்றில் வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. அது அவள் அப்பாவுடையது.

பரிசு கொடுக்க வந்தவர் ஒரு பட்டாசு ஆலை உரிமையாளர்; படம் காட்டும் திரையைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தவர். அவர் வருவதற்குள் தலைமை ஆசிரியர் அந்த ஓவியத்தை மட்டும் எல்லார் முன்னும் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டினார். "வர்றவுக என்ன நினைப்பாக? கோயிலு, கம்மாய்னு வரையக் கூடாதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "படத்துல அந்த டீச்சர், கண்ணால பாத்தத வரையத்தான சார் சொன்னாக" என்றிருக்கிறாள் இவள்.

"அது சினிமா. இது பள்ளிக்கூடம்" என்றாராம்.

5. மறுநாள் நான் போய்க் கேட்டபோது, பழைய தாளோடு அது போய்விட்டது என்றார்கள். ரோஜா அதன்பின் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டிலிருந்தபடி பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறாள். பதினான்கு வயதுப் பிள்ளையை வேலை செய்ய விட்டதற்காக என்மேல் நடவடிக்கை எடுக்கலாம். மறைக்க எனக்கு விருப்பமில்லை.

6. ஓவிய ஆசிரியர் வேண்டுமென்று பள்ளிக்கு மனுக் கொடுத்தேன். எழுத்தில் பதில் வந்தது: 'திரைப்படங்கள் வாயிலாக மாணவர்களுக்குக் கலைக்கல்வி வழங்கப்பட்டு வருகிறது. பெற்றோரின் பரிந்துரைப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.' அதில் இருந்தது என் கையெழுத்து. என் மகளுக்கு ஆசிரியர் தேவையில்லை என்பதற்கு என்னையே சாட்சியாக்கியிருக்கிறார்கள்.

ஆகவே அந்தக் கையெழுத்தைச் செல்லாததாக்க வேண்டுகிறேன். ஓவிய ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டுகிறேன். அதுவரை அட்டவணையில் ஓவியம் என்பதை அடித்துவிட்டுக் கணக்கு என்றே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்லாமலாவது இருக்கலாம்.

இம்மனுவோடு ஆதாரமாக வைக்க அந்த ஓவியத்தை இன்னொரு முறை வரைந்து தரச் சொல்லி ரோஜாவிடம் கேட்டேன். "ஒரு தடவதாம்மா முடிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டாள். எனவே ஓவியம் இணைக்கப்படவில்லை.

நாள்: 17.11.2025
இடம்: பெத்தணன்பட்டி

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
பா. மாரிசெல்வி