தாராளவாதம் பேசிய பங்காளிக்கு

பங்காளி,

திருவிழா வரிக்காகக் குடும்பத்துக்கு ஒரு பேர் எழுதும் தலைக்கட்டுப் பட்டியலை இன்று காலை என் தேங்காய் மண்டிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை இன்னும் காயவில்லை. ஏழாவதாக உன் பேர். போன ஆடியில் உன்னை எரித்துவிட்டு வந்தோம். ஊருக்கு நீ இன்னும் ஒரு தலைக்கட்டு. மகனுக்குக் கல்யாணம் ஆகும்வரை செத்த ஆம்பளையின் பேரே நிற்கும், பெண்டாட்டி பேர் ஏறாது. உனக்குத் தெரியாத வழக்கமா? வருஷா வருஷம் அந்தப் பட்டியலை எழுதியவனே நீதானே.

காலேஜில் அரசியல் பாடம் நடத்திவிட்டு, ஆலங்குடி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மண்டிக்கு வருவாய். டீ வந்ததும், எட்டாவதோடு நின்றுபோன எனக்கு மிச்சப் பாடம் தொடங்கும். ஒருநாள் தாராளவாதம் என்றாய்.

"அள்ளிக் குடுக்குறதா?" என்றேன்.

"இல்லப்பா. அடுத்தவன் கழுத்துல கெடக்குற கையை எடுக்குறது."

சீமையில் பிறந்த யோசனையாம். சாமி கொடுத்த சிம்மாசனம் என்று ராஜா சொல்லிக்கொண்டிருந்த காலம். எந்த வழியில் கும்பிடுவது என்று தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்த சனம். சலித்துப்போய்ச் சிலர் கேட்டார்கள்: ராஜாவுக்கும் கோயிலுக்கும் முந்தி இருந்தது யார்? தனி மனுஷன். அவன் உயிரும், உழைப்பும், மனசாட்சியும் அவனுடையது. அவன் சம்மதித்தால்தான் ஆட்சி. அவனால் பிறருக்குக் கேடு வராதவரை அவனைத் தடுக்க எவனுக்கும் உரிமை இல்லை. "கூட்டம் பெருசுங்கிறதுக்காக அது ஞாயம் ஆயிடாது பங்காளி" என்றாய்.

"அப்ப, எங்கிட்டதான் காய் போடணும்னு எவனையும் நான் மெரட்டக் கூடாது."

"நீ பாஸ்" என்று சிரித்தாய்.

என் தங்கச்சி தாலியறுத்து மூன்றாம் வருஷம். கோயில் வாசலில் ஊர்க் கூட்டம்; பேனா உன் கையில். பொம்பளைகள் வராத இடத்துக்கு அவள் வந்து நின்றாள்.

"கடலை போடுறது நான், வரி குடுக்குறது நான். எம்பேரை எழுதுங்கண்ணே."

"பொம்பளை எப்புடிடா தலைக்கட்டு ஆவா?" என்று ஒரு கிழவர் கேட்க, கூட்டமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. பேனாவை மூடினாய். "ஊர் சம்மதம்னு ஒண்ணு இருக்குல்ல தாயி" என்றாய்.

சம்மதம். மண்டியில் தனி மனுஷனுக்குக் கொடுத்த சொல்லைக் கோயில் வாசலில் கூட்டத்துக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாய். அவள் போனபின் பேனாவைத் திறந்து, அவளுடைய செத்த புருஷன் பேரையே எழுதினாய், முத்து முத்தான கையெழுத்தில்.

மறுநாள் கேட்டேன், ஏன் என்று.

"ஊரோட வாழணும்ல."

"அது எந்தப் பொஸ்தகத்துல இருக்கு?"

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனாய். அதன்பின் மழை பேசினோம், விலை பேசினோம். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

இன்று மத்தியானம் உன் வீட்டுக்காரி வந்தாள். "எம்பேரைப் போடச் சொல்லி நீங்க கூட்டத்துல பேசணும்" என்றாள். ஒத்தையாய் நின்றால் எடுபடாது, ரெண்டு பொம்பளைகளாய்க் கேட்கட்டும் என்று தங்கச்சியைக் கூப்பிடப் போனேன். கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு பேனாவை மூடுனாரு. சரி. நீ எங்கண்ணே இருந்தே?"

முன்வரிசையில்தான் இருந்தேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் மண்டிக்குக் காய் போடுகிறவர்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் மனசுக்குள் உன்னை வைது அதை மறைத்துக்கொண்டேன், பங்காளி. இப்போது நீயும் இல்லை.