நடுவில் சாமி இல்லாத சுற்று

அன்புள்ள ரேணுகாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கம்மியா?

ருமேனியாக்காரர்களுக்கு ஆட்டம் என்றால் கைகோத்து வட்டமாகச் சுற்றுவதுதான். தெற்கே குதிப்பார்களாம், வடக்கே தரையை மிதிப்பார்களாம். இதில் யார் ஊர் உசத்தி என்று சண்டை வேறு! நடுவில் மலையுமில்லை, சாமியுமில்லை. அந்த வெறும் தரையையும் அப்பிரதட்சணமாகச் சுற்றுகிறார்கள்.

ஞாயிறன்று என்னையும் இழுத்துவிட்டார்கள். என் கால் பழக்கப்படி பிரதட்சணமாகக் கிளம்ப, எங்கள் கட்டட வேலை மேஸ்திரி மேல் மோதி இருவரும் விழுந்தோம். “டேய், இது கிரிவலம் இல்லடா!” என்று நம்மூர் வல்லரசு சிரித்தான். லேசான சுளுக்குதான்.

விழுந்த பிறகும் பக்கத்திலிருந்தவர்கள் என் கையை விடவில்லை. கூச்சமே இல்லாத ஜனங்கள்.

பீரோவிலிருக்கும் என் கல்யாண வெள்ளைச் சட்டையை அனுப்பு. அடுத்த திருவிழாவில் வெள்ளைச் சட்டை இல்லாதவனை வட்டத்தில் சேர்க்கமாட்டார்களாம்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது.

இனியன்